முந்திரிச் சரக்குப் பட்டியலைத் தரநிலை வடிவில் கேட்கிறார்கள்: சிறு ஆலைக்கு இது தேவைதானா?

கெடிலக்கரை (கேள்வி)

பண்ருட்டிக்கு அருகில் அப்பா நடத்தும் முந்திரி உடைக்கும் ஆலையின் கணக்கு வழக்குகளை மூன்று ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். எங்கள் சரக்கு விவரம் முழுவதும் ஓர் எக்ஸெல் தாளில் இருக்கிறது. "டபிள்யூ 320 முழுப்பருப்பு 10 கிலோ டின் மே லாட்" என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் எழுதிவிடுவோம். புதுச்சேரியில் நெடுநாளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் புதிதாக வந்த ஒரு கொள்முதல் நிறுவனம், பொருள் எண், எச்.எஸ்.என். எண் (வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்), தரம், நிகர எடை, லாட் எண், தேதி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில், அவர்கள் குறிப்பிடும் வடிவத்திலேயே அனுப்ப வேண்டும் என்கிறது. இருபது பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு இவ்வளவு தேவையா என்று அப்பா கேட்கிறார். பிற தொழில்களில் இருப்பவர்கள் இதனால் கண்ட பயனைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாகூர் கணக்கர்

உங்கள் அப்பா ஏற்கெனவே ஒரு தரநிலையை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறார். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 வரை முழுப்பருப்பு என்பதை வாங்குபவரும் அறிவார். அதனால்தான் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமலே தொலைபேசியில் விலை பேச முடிகிறது. இப்போது கேட்பதும் அதே ஏற்பாடுதான், படிப்பது மட்டும் ஆள் இல்லை, கணினி.

உங்கள் எச்.எஸ்.என். எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு நீக்கிய முந்திரிக்கு 080132 என்ற ஆறு இலக்கம் பல நாடுகளுக்கும் பொது. நம் நாட்டில் அதனுடன் மேலும் இரண்டு இலக்கம் சேர்ந்து, 08013210 என்றால் உடைந்த பருப்பு, 08013220 என்றால் முழுப்பருப்பு என்று பிரிகிறது. தரத்தையும் எடையையும் ஒரே கட்டத்தில் கலந்து எழுதியிருந்தால், இந்தப் பிரிவை ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து கையால்தான் செய்ய வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. கடலூரிலிருந்து சற்றுத் தூரம் போனாலே மாநில எல்லை வந்துவிடுகிறது. அஞ்சல் குறியீடோ அந்த எல்லையை மதிப்பதில்லை. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் அதன் குறியீடு 607402. விழுப்புரம் தமிழ்நாட்டில் இருக்கிறது, அதன் குறியீடோ 605இல் தொடங்குகிறது. நான் கணக்கு எழுதித் தரும் தமிழ்நாட்டு வியாபாரி ஒருவருடைய பில் மென்பொருளில் மாநிலத்துக்கென்று தனிக் கட்டம் இல்லாததால், 607 என்பதைப் பார்த்து பாகூர்க் கடையைத் தமிழ்நாட்டில் சேர்த்துவிட்டார்கள். மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டிய இடத்தில், மாநிலத்துக்குள் விற்பதற்கான சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்ற இரண்டு வரிகளும் விழுந்தன. அரசு இணையதளத்தில் பதிவாகும் மின் விலைப்பட்டியலை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். நாங்கள் கண்டுபிடித்தது மூன்றாம் நாள். பிறகு கிரெடிட் நோட்டு போட்டு, புதுப் பட்டியல் எழுதி, கடைக்காரரைச் சமாதானப்படுத்தி, ஒரு வாரம் போயிற்று. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயம். நீங்கள் அந்த வரம்புக்குள் இல்லாவிட்டாலும், உங்களிடம் வாங்குபவர் இருக்கக்கூடும்.

சிப்காட் ஷிப்டு

நான் கடலூர் சிப்காட்டில் ரசாயனக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பொருள்களுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகெங்கும் ஒன்றாக இருக்கும் சி.ஏ.எஸ். எண்ணைத்தான் நம்புகிறோம். காஸ்டிக் சோடாவுக்கு அது 1310-73-2. கடைசி இலக்கம் ஒரு காவல்காரன்: அதற்கு முன்னுள்ள இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் 3+14+0+4+15+6, அதாவது 42 வரும், அதன் ஒன்றாம் இலக்கம் 2. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் காஸ்டிக் சோடா இருக்க வேண்டிய டிரம்மில் வேறொன்று இருந்தால் எந்த எண்ணும் சொல்லாது. அதற்குக் கிடங்கில் நிற்கும் ஆள்தான் வேண்டும்.

ஆய்வக மேசை

புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். எங்களுக்கு எண்ணைவிட அலகுதான் முக்கியம்: சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 10 மில்லிமோல் என்பதும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் அலகு எழுதாத 10 என்ற எண் ஒருவரைக் கலங்கடிக்கும். எஃப்.எச்.ஐ.ஆர். என்னும் மருத்துவத் தரநிலையில் மதிப்புக்கும் அலகுக்கும் தனித்தனி இடம் இருப்பது இதற்காகத்தான். உங்கள் தாளிலும் "10" ஒரு கட்டம், "கிலோ" ஒரு கட்டம் என்று வையுங்கள். தேதியை 2025-06-05 என்று ஆண்டை முன்னிறுத்தி எழுதினால் ஜூனா மே மாதமா என்ற வழக்கே எழாது.

கெடிலக்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நாற்பது வரிகளைப் பிரித்துப் பார்த்தேன். எதிர்பாராத இடத்தில் மாட்டிக்கொண்டேன்: "மே லாட்" என்பதை அப்பா கொட்டை வாங்கிய மாதமாகவும், நான் பருப்பை டின்னில் அடைத்த மாதமாகவும் இத்தனை நாளும் எழுதி வந்திருக்கிறோம். இன்னொன்று, 890 என்று தொடங்கும் பொருள் எண்ணை எல்லா அளவுக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாமா?

பாகூர் கணக்கர்

கூடாது. அரை கிலோ பாக்கெட்டுக்கும் 10 கிலோ டின்னுக்கும் தனித்தனி எண் வேண்டும். இல்லாவிட்டால் கடையில் ஒன்றின் விலை மற்றொன்றுக்கு விழும். 890 என்பது பார்கோடு எண்களை வழங்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் இந்தியக் கிளையில் பதிவு செய்ததற்கான அடையாளம் மட்டுமே, பொருள் விளைந்த நாட்டுக்கு அது சான்றாகாது. லாட் தேதியைப் பொறுத்தவரை, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். பழைய வரிகளில் எது எதுவென்று அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள், நீங்களாக ஊகித்து நிரப்ப வேண்டாம்.