பொன்சி: ஒரு குடும்பப் பெயரை மோசடிக்கு வைக்கலாமா?

வேர்ச்சொல் தேடி:
நேற்று என் சித்தப்பா, "பொன்சி திட்டம்னா தங்கத்துல பணம் போடுறதுதானே?" என்று கேட்டார். செய்தித்தாளில் 'பொன்' என்ற எழுத்தைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டார். அது ஓர் இத்தாலியக் குடும்பப் பெயர். பொன்ட்சியோ என்ற ஆண்பெயரிலிருந்து வந்தது. அதற்கு மூலம் லத்தீனின் பொந்தியுஸ். தமிழ் பைபிளில் வரும் பொந்தியு பிலாத்துவின் பெயரும் அதுதான். கடைசி 'இ', ரோஸ்ஸி, கல்வானி போன்ற பெயர்களில் வருகிற அதே குடும்ப விகுதி. ஆக, பொன்ட்சியோவின் வீட்டார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஒரு வீட்டாரின் பெயரை ஆங்கிலம் நிதி மோசடிக்குச் சூட்டிவிட்டது. நாமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். இதைக் கைவிட வேண்டும் என்கிறேன்.

பேரேடு:
என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார். சர்வதேசத் தபால் பதில் கூப்பன் என்பது, பதில் எழுதுகிறவர் தன் நாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளக் கடிதத்தோடு அனுப்பும் சீட்டு. அதை வெளிநாட்டில் மலிவாக வாங்கி, அமெரிக்காவில் தபால்தலையாக மாற்றி லாபம் பார்ப்பதாகச் சொன்னார். கிளாரன்ஸ் பாரன் என்ற நிதிப் பத்திரிகையாளர் கணக்குப் போட்டார்: பொன்சி வாங்கிய முதலீட்டுக்கு 16 கோடி கூப்பன் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும், இருந்ததோ சுமார் 27,000. பின்னால் வந்தவர்களின் பணம்தான் முன்னால் வந்தவர்களுக்கு லாபமாகப் போனது. 'மோசடி' என்று மட்டும் சொன்னால் போலிப் பத்திரமும் மோசடி, போலி நகையும் மோசடி. 'பொன்சி' என்றால் இந்த ஒரு முறை மட்டுமே. நான் கணக்குப் பார்க்கிற ஆள், எனக்கு அந்தத் துல்லியம் தேவை.

வேர்ச்சொல் தேடி:
அவர் முதல் ஆளே இல்லையே! அதே பாஸ்டனில் 1879இல் சாரா ஹோ, பெண்களுக்கென்று சேமிப்பு நிறுவனம் தொடங்கி மாதம் 8 சதவீத வட்டி தருவதாகச் சொன்னார். 1899இல் புரூக்ளினில் வில்லியம் மில்லர் வாரத்துக்கு 10 சதவீதம் என்றார். இருவரும் செய்தது இதேதான். ஹோவின் பெயரும் மில்லரின் பெயரும் ஒட்டவில்லை, புலம்பெயர்ந்து வந்த இத்தாலியரின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் அந்நியர் மீதான வெறுப்பும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பேரேடு:
இருக்கலாம். ஆனால் பாஸ்டன் போஸ்ட் நாளிதழ் அவரை அம்பலப்படுத்தி 1921இல் புலிட்சர் பரிசு வாங்கியது. அந்த அளவுக்கு நாடு முழுக்கப் பேசப்பட்ட பெயர் அது. அப்புறம், இத்தாலியப் பெயர்களை ஆங்கிலம் நல்லதுக்கும் எடுத்திருக்கிறது. வோல்ட் என்பது அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டாவின் பெயர். நம் வீட்டுக் கூரைத் தகட்டைக் கால்வனைஸ் என்கிறோமே, அதில் லுயீஜி கல்வானி இருக்கிறார்.

அலைவாய்:
இடையில் வருகிறேன். வோல்ட், கால்வனைஸ் இரண்டையும் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள், மனிதர் மறைந்து பொருள் மட்டும் நிற்கிறது. பொன்சியை அகராதிகள் இன்றும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. பார்த்தவுடனே இது யாரோ ஒருவரின் பெயர் என்று தெரியும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அந்த அடையாளம் இங்கே வரும்போதே தொலைந்துபோகிறது. உங்கள் சித்தப்பா மீது தவறில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு உறுத்துகிறது. பொன்சியோடு வருகிற 'ஸ்கீம்' என்ற சொல்லில் ஆங்கிலத்தில் சூழ்ச்சி என்ற வாடையும் உண்டு. தமிழில் திட்டம் என்றால்? சத்துணவுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம். மரியாதையான சொல். முன்னால் பொன், பின்னால் திட்டம் என்று போட்டால் அது விளம்பரம் போல அல்லவா இருக்கிறது?

பேரேடு:
இது சரியான குறை. பெயரை விடமாட்டேன், திட்டத்தை விட்டுவிடலாம். 'பொன்சி மோசடி' என்று எழுதுவோம்.

வேர்ச்சொல் தேடி:
அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1970இல் வேறொரு பொன்சி குடும்பம் திராட்சைத் தோட்டம் தொடங்கியது, அவர்கள் பெயரில் இன்றும் நல்ல ஒயின் வருகிறது. உங்கள் சொல்லில் அவர்கள் பெயருக்குப் பக்கத்திலேயே மோசடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு என்ன பதில்?

பேரேடு:
முதல் தடவை எழுதும்போது 'சார்லஸ் பொன்சி பாணி மோசடி' என்று முழுப்பெயரோடு எழுதலாம். குற்றம் அந்த ஒருவருடையது என்பதும் தெரியும், தங்கம் என்றும் யாரும் நினைக்கமாட்டார்கள்.

வேர்ச்சொல் தேடி:
இதை ஏற்கிறேன். பெயரே வேண்டாம் என்பதில் இன்னமும் மாறவில்லை. ஆனால் இன்று மாலை சித்தப்பாவுக்கு இப்படித்தான் சொல்லப்போகிறேன், அவர் எங்கோ பணம் கட்டுவதற்கு முன்னால்.