கெப்டன் அமெரிக்கா முதுமை அடைந்தது எந்தக் காலக்கோட்டில்?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் எங்கள் நண்பர் வட்டம் இந்தக் கேள்வியால் இரண்டுபட்டு நிற்கிறது. உங்கள் உதவி வேண்டும்.

2019இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' முடிவில் கெப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் கடந்தகாலத்துக்குப் போய், தன் காதலி பெகியுடன் வாழ்ந்து, முதியவராக வருகிறார். அது வேறொரு காலக்கிளை என்கிறார்கள் இயக்குநர்கள். இதே காலக்கோடுதான் என்கிறார்கள் திரைக்கதை ஆசிரியர்கள். கடந்ததை மாற்றினாலும் நிகழ்காலம் மாறாது என்று படத்திலேயே அவருடைய சக வீரர் ஹல்க் விளக்குவதால் நான் இயக்குநர்கள் பக்கம். ஆனால், வேறு கிளையிலிருந்து திரும்பியவர் அவர் புறப்பட்ட காலப்பயண மேடையில் அல்லவா தோன்றியிருக்க வேண்டும்? ஏரிக்கரை வாங்கில் எப்படி வந்து அமர்ந்தார்?

அதைவிடப் பெரிய உறுத்தல் ஸ்டீவின் பால்ய நண்பன் பக்கி. 2016இல் வந்த 'சிவில் வார்' படத்தில் அவனுக்காகத் தோழர்களையே எதிர்த்து நின்றவர் ஸ்டீவ். இதே காலக்கோடு என்றால், ஹைட்ரா என்ற தீய அமைப்பின் பிடியில் அவன் வதைபடுவது தெரிந்தும் வாய்திறக்காமல் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்றாகிறது. என் மனம் அதை ஏற்கவே இல்லை.

2014இல் வந்த 'வின்டர் சோல்ஜர்' படத்தின் அருங்காட்சியகக் காட்சியில், ஸ்டீவ் காப்பாற்றிய வீரர்களில் ஒருவர்தான் பின்னர் தன் கணவரானார் என்று பெகி சொல்கிறாள். இதை எந்தப் பக்கத்துக்குச் சாட்சியாக எடுப்பது? படங்களை ஊன்றிப் பார்த்தவர்கள் காட்சியைச் சுட்டிக்காட்டி விளக்குங்கள்.