பத்தாவது பொதுத்தேர்வு: மனதை விட்டுப் போகாத அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

திருமங்கலம் கணக்கு சார்
2025 கணக்குப் பரீட்சை. செக்கானூரணி பக்கம் ஒரு சென்டரில் எனக்கு ஹால் டூட்டி. ஒரு பிள்ளை எடுத்த எடுப்பில் வடிவியலும் கிராஃபும் போட்டது, அந்த 16 மார்க். பென்சிலைச் சீவிச் சீவி, தொடுகோட்டில் மயிரிழை விலகல் இல்லாமல். அப்புறம் ஒரு மார்க் 14, இரண்டு மார்க்கில் நாலைந்து. பதினொன்றரைக்குப் பேனாவை மூடிவிட்டது. பரீட்சை முடிவது ஒன்றே காலுக்கு. அதுவரை கேள்வித்தாளை நாலாக மடித்துப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "இதப் போட்டாலே பாஸ்னு எங்க மிஸ் சொன்னாங்க சார்" என்றது. நாலு எட்டு நடந்து, திரும்பி, "மத்தக் கேள்வியெல்லாம் யாருக்கு சார் குடுக்குறாங்க?"

உசிலைத் தம்பி
சார், அந்த மிஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள். 2014-ல் நானும் மினிமம் மெட்டீரியலில், அதாவது பாஸாவதற்கு மட்டும் பொறுக்கிக் கொடுக்கும் கேள்விகளில், பாஸானவன்தான். கணக்கில் 41. அப்போது வடிவியலும் கிராஃபும் தலைக்குப் பத்து மார்க். என்னோடு படித்த மூன்று பேர் ஒன்பதாவதிலேயே முறுக்குக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஐடிஐ கிடைத்தது. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இதுதானா, இதுதானா" என்று அந்த 41-ஐ விரலால் தடவிப் பார்த்தது. 35 என்பது சின்ன விஷயம் இல்லை சார்.

தொடக்கப்பள்ளி டீச்சர், மேலூர்
தம்பி சொல்வது சரி, ஆனால் பத்தாவதில் வைத்து இதைப் பேசிப் பயனில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளியை மூடும்போது அந்தப் பிள்ளை ஐந்தாவது. எட்டு வரைக்கும் திறந்தது 2021 நவம்பர் 1. ஐந்தாவதில் வீட்டுக்குப் போனது ஏழாவதில் திரும்பி வந்திருக்கிறது. எட்டு வரை ஆல் பாஸ். நடுவில் விட்டதை யார் சொல்லிக் கொடுத்தது?

அந்த நவம்பரில் என் வகுப்பில் ஒரு பையன் 'வழக்கம்' என்று எழுத்துக்கூட்டினான். 'ம்' வருவதற்குள் 'வ' மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

பெற்றோர் யாரும் இதைப் படித்தால் சொல்கிறேன். மார்க்கைக் கேட்காதீர்கள், பாடத்தில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளை திக்குவது காதில் விழும். தினம் கால் மணி நேரம் போதும். பஸ் போர்டு, ரேஷன் கடைப் பலகை, எதுவானாலும் வாசிக்கட்டும். ஆறாவது சேர்க்கும்போதே வாய்ப்பாடு தெரியுமா பாருங்கள், பத்தாவது வரை தள்ளாதீர்கள். டியூஷன் அப்புறம். ஆசிரியர்களுக்கும் ஒன்று: 'மெல்லக் கற்போர்' பட்டியலைப் பிள்ளைகள் காதுபட வாசிக்காதீர்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது.

திருமங்கலம் கணக்கு சார்
தம்பி, நான் மிஸ்ஸைக் குறை சொல்லவில்லை. அதே மெட்டீரியலைத்தான் நானும் வருஷா வருஷம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில், "பஸ் வந்துருச்சு, ஓடும்மா."