மறு: ‘மீட்சிக் குணகம்’ வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம். இரு பொருள்கள் மோதிய பின் எவ்வளவு வேகமாக விலகுகின்றன என்று சொல்லும் எண்ணுக்கு (coefficient of restitution) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி.

> ‘மீட்சிக் குணகம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். பழகிய சொல்தானே?

பழகியதுதான் சிக்கல், ஐயா. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் யங் குணகமும் அதன் கூட்டாளிகளும் அந்தப் பெயரில் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். அவற்றின் அலகு பாஸ்கல். மோதலில் வருவதோ, விலகும் சார்பு வேகத்தை நெருங்கும் சார்பு வேகத்தால் வகுத்த வெறும் எண். பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் டியூஷன் வரும் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி நம் தமிழ்க் குறிப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். விடை 0.8, சரிதான். பக்கத்தில் அழகாகப் ‘பாஸ்கல்’ என்று எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

பினாங்கு அக்கா தந்த ‘துள்ளற்கெழு’ காதுக்கு இனிமை. ஆனால் துள்ளல் பந்தின் குணம் போலத் தொனிக்கிறது. இது மோதும் இரண்டுக்கும் பொதுவான கணக்கு. மேசைப்பந்து விதியில்கூட, 30.5 செ.மீ. உயரத்திலிருந்து எஃகுக் கட்டையின் மேல் விட்டால் பந்து 24 முதல் 26 செ.மீ. எழும்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது. உயரங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 0.89 முதல் 0.92. கட்டையை எடுத்துவிட்டு ரப்பர் பாயை விரித்தால் அதே பந்துக்கு வேறு எண்.

‘விலகுவேக விகிதம்’? முதலில் எனக்கும் பிடித்திருந்தது. 1687இல் நியூட்டன் கண்ணாடிக்கு 15/16, இறுக்கிய கம்பளிப் பந்துக்கு 5/9 என்று சொன்னது இந்த விகிதத்தைத்தான். ஆனால் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன், மீளும் கட்டத்தின் கணத்தாக்கை (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் வருவது) நசுங்கும் கட்டத்தின் கணத்தாக்கால் வகுத்தார். 1990இல் ஸ்ட்ராஞ்ச் என்ற பொறியியல் ஆய்வாளர் ஆற்றலைக் கொண்டு வரையறுத்தார். உராய்வு இல்லாவிட்டால் மூன்றும் ஒன்றே. உராய்வு இருந்து, தொட்டிருக்கும் அந்த நொடித்துளிக்குள் சறுக்கல் நின்றாலோ திசை மாறினாலோ மூன்றும் பிரிந்துவிடலாம். நியூட்டன் வரையறையில் சில வேளை மோதலுக்குப் பின் ஆற்றல் கூடிக்கூடப் போகும்! பெயரிலேயே வேகத்தைக் கட்டிப்போட்டால் மற்ற இருவரை எங்கே வைப்பது?

ஆகவே ‘மீள்வெண்’. மாக் எண், ரெனால்ட்ஸ் எண் போல அலகற்றது என்பது பெயரிலேயே தெரியும். வேண்டுமானால் முன்னால் நியூட்டன், புவாசோன், ஆற்றல் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

— கோலாலம்பூரிலிருந்து

*

தம்பி, துள்ளலை விட்டுக்கொடுத்தேன், போ. ஆனால் சேர்த்து எழுதினால் பிள்ளைகள் ‘வெண்’ என்று வெள்ளை நிறத்தைத் தேடுவார்கள். ‘மீள்வு எண்’ என்று பிரித்தே போடுவோம்.

அப்புறம், மீள்வு எண் சுழியாகும் மோதலைப் பட்டியலில் ‘ஒட்டு மோதல்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். அதையும் எடுத்துவிடு. தொடுபரப்புக்குச் செங்குத்தான சார்பு வேகம் மட்டும்தான் அங்கே சுழி. பரப்பை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகத் தடையில்லை.

— பினாங்கு அக்கா