கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட லெங்லென் படம்: எப்படிப் பிரிப்பது?

பிரெஞ்சு டென்னிஸ் வீராங்கனை சுசான் லெங்லென் 1925 விம்பிள்டனில் ஆடும் பத்திரிகைப் படம். ஜெலட்டின் சில்வர் பிரிண்ட் (ஜெலட்டின் படலத்தில் வெள்ளித் துகளால் உருவான கறுப்பு வெள்ளைப் படம்), ஃபைபர் தாள் (பிளாஸ்டிக் பூச்சில்லாதது), பளபளப்புப் பரப்பு, 8×10 அங்குலம். இடையில் மவுண்ட் அட்டை வைக்காமல் நேராகக் கண்ணாடியில் அழுத்திச் சட்டம் போட்டிருக்கிறார்கள் (பழைய படங்களுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை). ஈரம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டியிருந்தது. ஜெலட்டின் இளகி, கீழ் வலது மூலையில் சுமார் 4×6 செ.மீ. ஒட்டிவிட்டது. பாவாடை மடிப்பும் டென்னிஸ் மட்டையும் அங்கேதான். கவனித்து மூன்று வாரமாகிறது.

சட்டத்தைக் கழற்றி, மூடிய டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லுடன் பத்து நாள் வைத்தேன். ஓரம் மட்டும் விட்டது. பல் இடுக்கு நூலை நுழைத்ததில் 2 மி.மீ. அளவுக்குப் படலம் தாளைவிட்டு எழும்பியது, உடனே நிறுத்திவிட்டேன். காற்றுப்புகாத பையில் ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்தும் பலனில்லை. கண்ணாடியோடு 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்தாயிற்று. ஒட்டிய இடம் மட்டும் கருத்துத் தெரிகிறது.

தண்ணீரில் ஊறவைத்தால் பிரியும், தெரியும். ஆனால் முகத்தைச் சுற்றி வெள்ளை கோவாஷ் (நீரில் கரையும் ஒளிபுகா வண்ணம்) கொண்டு செய்த ரீடச், பின்புறம் மை முத்திரை, இரண்டும் கரைந்துவிடும்.

கோவாஷைத் தொடாமல், ஒட்டிய மூலைக்கு மட்டும் ஈரம் கொடுத்துப் பிரித்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?