புதுப்பிப்பு: நியூயார்க் சுற்றும் திட்டம், மெட்ரோகார்டு இல்லாமல்

முந்தைய பதிவில் நியூயார்க்கை மெட்ரோகார்டு (சப்வே எனும் சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான கட்டண அட்டை) வைத்துச் சுற்றும் திட்டம் இருந்தது. அந்தப் பகுதியை இனி விட்டுவிடுங்கள். 2025 டிசம்பர் 31-ஓடு அந்த அட்டை விற்பனை முடிந்தது. இப்போது வங்கி அட்டையையோ போனையோ சப்வே நிலைய கேட்டில் காட்டினால் போதும், ஒரு பயணம் 3 டாலர். 7 நாளில் 35 டாலரைத் தொட்டபின் மீதிப் பயணங்கள் இலவசம். ஆனால் ஒருமுறை அட்டை, மறுமுறை போன் என்று மாற்றினால் இரண்டும் தனித்தனிக் கணக்காகிவிடும். இந்திய அட்டை என்றால், கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் டேப் (அட்டையைக் கருவியில் காட்டியே பணம் கட்டும்) வசதியையும் திறந்து வையுங்கள்.

சப்வே நிலையத்தில் படியிறங்கும் முன் பலகையில் அப்டவுனா (வடக்கே) டவுன்டவுனா (தெற்கே) என்று பாருங்கள். பல நிலையங்களில் உள்ளே எதிர்ப்பக்கம் போக வழி கிடையாது. வெளியேறித் திரும்ப நுழைந்தால் மறுபடி கட்டணம்.

சுதந்திர தேவி சிலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதுமென்றால் மன்ஹாட்டனிலிருந்து கிளம்பும் ஸ்டேட்டன் ஐலண்ட் பெர்ரி (பயணிகள் படகு) இலவசம், சுமார் 25 நிமிடம். போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள். அக்கரையில் எல்லாரும் இறங்கித்தான் திரும்ப ஏற வேண்டும். சிலை நிற்கும் தீவிலேயே இறங்க வேண்டுமா? மன்ஹாட்டனின் தென்முனையில் உள்ள பேட்டரி பூங்காவில் வழிமறித்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள், அந்தப் படகுகள் தீவில் நிற்காது. அதே பூங்காவில் உள்ள காசில் கிளின்டன் என்ற பழைய கோட்டையின் கவுன்டரில் வாங்கும் சீட்டில், பக்கத்திலுள்ள எல்லிஸ் தீவும் அடக்கம். சிலையின் கிரீடத்துக்கு ஏறத் தனி முன்பதிவு வேண்டும். பீடத்துக்கு மேல் 162 குறுகலான படிகள், லிப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குப் பீடமே நல்லது.