பின்னால் அமர்பவர் தேர்ந்தெடுத்த வண்டி

வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து மனைவியுடன் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துக்குள் சென்றுவர ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க முடிவு செய்தபோது, எந்த வண்டியானாலும் முதலில் அவர் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து பார்ப்பது, அவருக்குப் பிடித்த பிறகே விலை பேசுவது என்று இருவரும் தீர்மானித்துக்கொண்டோம். ஓட்டுபவருக்குக் கைப்பிடியும் கவனத்தைச் செலுத்தச் சாலையும் இருக்கின்றன. பின்னால் இருப்பவருக்கோ இருக்கையையும் கால்மிதியையும் தவிர வேறொன்றும் இல்லை.

என்னிடம் இருப்பது 2ஏ ஓட்டுநர் உரிமம் என்பதால் 400 சிசிக்கு மேல் செல்ல வழியில்லை. அந்த எல்லைக்குள் மூன்று வண்டிகளை நண்பர்களிடம் கேட்டு வாங்கி, இருவருமாக ஓட்டிப் பார்த்தோம். ஹோண்டா சூப்பர் ஃபோரின் இருக்கை உயரம் 755 மில்லிமீட்டர்தான். ஏறி இறங்க மிகவும் எளிது, நான்கு சிலிண்டர் இயந்திரத்தின் ஓட்டமும் சீரானது. ஆனால் காற்றுத்தடுப்பு இல்லாததால் நெடுஞ்சாலை வேகத்தில் என் தோளுக்கு மேலாக வந்த காற்று அவருடைய தலைக்கவசத்தை இடைவிடாமல் அசைத்துக்கொண்டிருந்தது. யமஹா எக்ஸ்மேக்ஸ் 300 ஸ்கூட்டரின் அகன்ற இருக்கையை அவர் மிகவும் விரும்பினார். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் ஒட்டுப்போட்ட பகுதிகளைக் கடந்தபோதுதான், முன்னால் 15, பின்னால் 14 அங்குலச் சிறிய சக்கரங்கள் ஒவ்வொரு மேட்டையும் நேராக முதுகெலும்புக்கு அனுப்புவதை உணர்ந்தார்.

சுஸுகி வி-ஸ்ட்ரோம் 250இல் அவர் முதலில் கவனித்தது முழங்கால். பின் கால்மிதி உயரமாக இருந்தால் முழங்கால் கூர்மையாக மடங்கி, அரை மணி நேரத்திலேயே தொடை மரத்துவிடும். இதில் அந்த மடிப்பு தளர்வாக இருந்தது. பிரேக் பிடிக்கும்போது அவர் என் முதுகின் மீது சரிந்து வரவில்லை என்பதும் பெரிய ஆறுதல். குறை என்னவென்றால், ஏறத்தாழ 25 குதிரைத்திறன்தான். இருவரும் பைகளும் ஏறிய பிறகு மேட்டில் லாரியை முந்துவதற்குப் பொறுமை வேண்டும். வார இறுதிப் பயணத்தில் அந்தப் பொறுமையை நான் மகிழ்ச்சியுடனேயே கொடுப்பேன். 17.3 லிட்டர் பெட்ரோல் கலன் இருப்பதால் வழியில் நிலையம் தேடும் பதற்றமும் குறைவு. எல்லை தாண்டியதும் சிங்கப்பூர் வண்டிக்கு ரோன் 95 ரகப் பெட்ரோல் நிரப்ப அனுமதியில்லை, விலை கூடிய ரோன் 97தான் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, நம் ஊரில் வண்டியைவிடச் சான்றிதழே கனமானது. மோட்டார் சைக்கிளுக்கான டி பிரிவு சிஓஇ (வண்டியைப் பத்தாண்டுகள் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) 2022இல் 10,000 வெள்ளியைத் (சிங்கப்பூர் டாலர்) தாண்டியதிலிருந்து புது வண்டி எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆகவே பயன்படுத்திய வண்டிகளின் விலையை, மீதமிருக்கும் சிஓஇ ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டோம். விலை குறைவாகத் தெரிந்த சில வண்டிகள் இந்தக் கணக்கில் அதிகச் செலவுடையவையாக மாறின. ஏற்கெனவே ஐந்தாண்டுக்குச் சிஓஇ புதுப்பிக்கப்பட்ட வண்டியை மீண்டும் புதுப்பிக்க முடியாது என்பதால், அப்படிப் புதுப்பிக்கப்பட்டதா என்பதையும் விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம். காப்புறுதி மலேசியாவிலும் பின்னிருக்கைப் பயணிக்கும் செல்லுமா என்று ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்தோம்.

வி-ஸ்ட்ரோமையே வாங்கினோம். மிச்சமான பணத்தில் முதுகுச் சாய்வுடன் கூடிய டாப் பாக்ஸ் (பின்னிருக்கைக்குப் பின்னால் வைக்கும் பெட்டி) பொருத்தினோம். மூவாரில் தேநீர் குடிக்க நின்றபோது சந்தித்த ஓர் அண்ணனும் அண்ணியும், இருவராகப் புறப்படும் முன் பின் ஷாக் அப்சார்பரை இறுக்கி, டயர் காற்றையும் கையேட்டில் இருவருக்கென்று குறித்த அளவுக்கு ஏற்றும்படி அறிவுறுத்தினார்கள். அதைச் செய்த பிறகு, வேகத்தடைகளில் வண்டியின் பின்பகுதி அமிழ்ந்து தட்டுவது நின்றது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும் வண்டி தள்ளாடுவதில்லை.

அடுத்து மெர்சிங்கையும் தாண்டிக் குவாந்தான் வரை செல்ல எண்ணியிருக்கிறோம். 2ஏ வண்டியில் அவ்வளவு தூரம் இருவராகச் சென்றவர்கள் இருந்தால், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி ஓய்வெடுத்தீர்கள், இருக்கை மெத்தையை மாற்றினீர்களா என்பதைப் பின்னால் அமர்ந்தவரிடமே கேட்டு எழுதுங்கள்.